முன்பக்கம் உயர்ந்த ஹைலக்ஸும் 17 மில்லிமீற்றரும்

என்னிடம் உள்ளது 2001ஆம் ஆண்டில் தயாரான டொயோட்டா ஹைலக்ஸ் டபுள் கெப். இலங்கையில் வாகன இறக்குமதி 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. இடைப்பட்ட அந்த ஐந்து ஆண்டுகளில் இங்கு பழைய வாகனம் வைத்திருந்த எல்லோரையும் போல நானும் அதை விற்காமல் பேணக் கற்றுக்கொண்டேன். அந்தக் கற்றலில் மிகப் பிந்தி வந்த பாடம், முன்பக்க உயரத்தைச் சரிசெய்வது.

சென்ற ஆண்டு வவுனியாவுக்குப் பயணமாவதற்கு முன்னர், முன்பக்கம் சற்றுத் தாழ்ந்துவிட்டதாகத் தோன்றியதால் ஒரு கராஜில் விட்டேன். ஒரு மணித்தியாலத்தில் வேலை முடிந்தது. வாகனம் நிமிர்ந்து கம்பீரமாக நின்றது, எனக்கும் மகிழ்ச்சியாகவே இருந்தது. ஆனால் கொழும்பைத் தாண்டுவதற்கு முன்னரே, பள்ளத்தில் சில்லு இறங்கும் ஒவ்வொரு முறையும் முன்பக்கத்தில் ‘டக்’ என்று இரும்பு இடிக்கும் சத்தம் கேட்கத் தொடங்கியது. இரண்டு மாதங்களில் முன் டயர்கள் இரண்டும் வெளிவிளிம்பில் தேய்ந்தன, அதைத் தொடர்ந்து சில்லைச் சுழற்றும் இடப்பக்க டிரைவ் ஷாஃப்டின் மூட்டை மூடும் ரப்பர் உறையான பூட் கிழிந்து கிறீஸ் சில்லின் உட்புறமெங்கும் சிதறியது.

அப்பாவின் நண்பரான ஒரு முதிய மெக்கானிக் வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கைக்கு வந்து, வாகனத்தின் கீழே குனிந்து பார்த்துவிட்டு, “தம்பி, போல்ட்டை முறுக்கிறதுக்கு முதல் ஆராவது அளவு எடுத்தவையோ?” என்று கேட்டார். எடுக்கவில்லை என்றேன். “அப்ப நீர் எடும். அளவு இல்லாமல் இந்த வேலையில கை வைக்கக் கூடாது” என்றார்.

இந்த வகை ஹைலக்ஸின் முன்பக்கத்தில் சுருள்வில் கிடையாது. சுருள்வில், பின்னர் வந்த ஹைலக்ஸ் விகோ மாதிரியோடு வந்த மாற்றம். இதில் சில்லைத் தாங்குவது டோர்ஷன் பார் என்னும் நீண்ட உருக்குக் கம்பி. அதன் முன்முனை சஸ்பென்ஷனின் மேற்கையோடு, அதாவது சில்லை வாகனத்தோடு இணைக்கும் இரு கைகளில் மேலுள்ளதோடு, பிணைந்திருக்கும். பின்முனை சேஸி எனும் அடிச்சட்டத்தின் குறுக்குச் சட்டத்தில் ஒரு சிறு நெம்புகோலுக்குள் செருகியிருக்கும். சில்லு மேலெழும்போது கம்பி முறுக்கப்படுகிறது, அந்த முறுக்கின் எதிர்ப்பே வில்லாக வேலை செய்கிறது. நம் வீதிகளில் இன்றும் ஓடும் மொறிஸ் மைனரும் 1948இல் அறிமுகமானபோதே முன்பக்கத்தில் இதே டோர்ஷன் பாரோடு வந்ததுதான். அந்தச் சிறிய காரை நாள்தோறும் பார்த்து வளர்ந்தும், என் கெப்பின் அடியில் இருப்பது அதன் உறவுக்காரன் என்பது எனக்கு இவ்வளவு காலமும் தெரியாது.

நெம்புகோலின் நுனியைத் தாங்கும் நீண்ட போல்ட்டுதான் உயரத்தைத் தீர்மானிக்கிறது. அதை முறுக்கினால் கம்பி இறுகிக் கடினமாகும் என்று கராஜ்களில் உறுதியாகச் சொல்வார்கள், நானும் அப்படியே நம்பியிருந்தேன். அது தவறு. ஒரு டோர்ஷன் பாரின் கடினம் அதன் உருக்கையும் நீளத்தையும் விட்டத்தையும் மட்டுமே சார்ந்தது. விட்டம் இருமடங்கானால் கடினம் 16 மடங்காகும், ஆனால் போல்ட்டை எத்தனை சுற்றுச் சுற்றினாலும் அது கூடாது. முன்பக்கத்தின் எடை மாறாதிருக்கும் வரை, அந்த எடையைத் தாங்கக் கம்பி முறுகவேண்டிய அளவும் ஏறக்குறைய மாறாது. போல்ட்டு செய்வதெல்லாம், அதே முறுக்கில் கை எந்தக் கோணத்தில் நிற்கவேண்டும் என்று மாற்றுவது மட்டுமே.

இது விளங்கியபோது அந்த ‘டக்’ சத்தமும் விளங்கியது. சில்லு மேலும் கீழும் போகக்கூடிய மொத்தத் தூரம் மாறாதது. வாகனத்தை உயர்த்தும்போது சில்லு மேலெழுவதற்கான இடம் கூடுகிறது, அதே அளவு கீழே இறங்குவதற்கான இடம் குறைகிறது. என் வாகனத்தில் மேற்கைக்கும் அதன் கீழ் ரப்பர்க் கட்டைக்கும் இடையே ஒரு விரல்கூட நுழைய இடம் இருக்கவில்லை. வீதியில் சிறு பள்ளம் வந்தாலே கை கீழே வந்து இடித்தது. ‘சஸ்பென்ஷன் ஹாட் ஆகிவிட்டது’, அதாவது கடினமாகிவிட்டது, என்று பலரும் சொல்லும் உணர்வு பெரும்பாலும் இந்த இடியே ஆகும். டயரின் வெளிவிளிம்பு தேய்ந்ததும், உயர்த்தப்பட்ட சில்லு மேற்புறம் வெளியே சாய்ந்து நின்றதால்தான். டிரைவ் ஷாஃப்ட் வழமையைவிடக் கூடிய சரிவில் சுழன்றதால் பூட்டின் மடிப்புகள் ஒன்றோடொன்று உரசிக் கிழிந்தன.

அளவெடுப்பதற்கே ஒரு காலைப்பொழுது சென்றது. வீட்டு வாசல் சரிவானது என்பதால், தரை மட்டமான ஒரு வாகனத் தரிப்பிடத்திற்கு ஓட்டிச் சென்றேன். நான்கு டயர்களுக்கும் உரிய காற்றழுத்தம் வைத்து, பின் தட்டில் கிடந்த சாமான்களை இறக்கினேன். தரையிலிருந்து அளந்தால் டயரின் தேய்மானமும் காற்றும் கணக்கில் கலந்துவிடும் என்பதால், சில்லின் நடுவிலிருந்து மட்காட்டின் விளிம்பு வரை அளந்தேன். இடப்பக்கம் 508 மில்லிமீற்றர், வலப்பக்கம் 491. அதாவது, உயர்த்திய பின்னரும் 17 மில்லிமீற்றர் வித்தியாசம் அப்படியே நின்றது. கீழே பார்த்தபோது காரணம் தெரிந்தது. கராஜில் இரு போல்ட்டுகளின் இழையும் சமமாக வெளியே தெரியும்படி முறுக்கியிருந்தார்கள். இருபது ஆண்டுகளுக்கு மேல் உழைத்த இரு கம்பிகள் ஒரே அளவில் தளர்வதில்லை. இழை சமமானால் உயரம் சமமாகும் என்று எதிர்பார்ப்பதற்கு இடமேயில்லை.

மட்காட் அளவு இடம் வலம் ஒப்பிடுவதற்கு மட்டும் உதவும், சரியான உயரம் எது என்பதை அது சொல்லாது. டொயோட்டாவின் பழுதுபார்ப்புக் கைநூல் சில்லு அச்சின் நடுவுக்கும் கீழ்க்கையின் சேஸிப் போல்ட்டின் நடுவுக்கும் உள்ள உயர வித்தியாசத்தைக் கேட்கிறது. அந்தக் கணக்கின்படி என் வாகனம் மட்காட் அளவில் 478 அளவில் நிற்கவேண்டும் என்று வந்தது. இந்த எண்ணை வேறு வாகனத்திற்கு யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். மாதிரிக்கு ஏற்ப அது மாறும்.

கடற்காற்று எங்கள் பகுதியில் இரும்பைச் சும்மா விடாது. முதல் நாள் இரவே போல்ட்டுகளைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, துரு இளக்கும் எண்ணெய் விட்டு வைத்தேன். இழை வெளியே நீண்டிருந்த அளவையும் குறித்துக்கொண்டேன், ஏனெனில் வேலை குழம்பினால் திரும்பிப் போக அதுவே ஒரே வழி. பின்னர் சேஸியின் கீழ் ஜக் வைத்து முன்பக்கத்தைத் தூக்கி, இருபுறமும் இரும்புத் தாங்கிகளில் இருத்தினேன். இதில் எவரும் சமரசம் செய்துகொள்ளக்கூடாது. சில்லுகள் தொங்கும்போது கம்பியின் முறுக்கு பெருமளவு தளர்ந்து போல்ட்டு இலகுவாகச் சுற்றும். எடை நிற்கும்போது பலவந்தமாகச் சுற்றினால் இழை சிதைந்துவிடும். வெறும் ஜக்கை நம்பி அடியில் படுப்பதைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை.

என் வாகனத்தில் ஒரு முழுச் சுற்று ஏறக்குறைய 4 மில்லிமீற்றரை மாற்றியது. இடப்பக்கத்தை மூன்று சுற்று, வலப்பக்கத்தை ஒரு சுற்று தளர்த்தி இறக்கி அளந்தபோது எதுவும் மாறாதது போலிருந்தது. முதிய மெக்கானிக்கை அழைத்துக் கேட்டேன். தொங்கிய சில்லுகள் சற்று உட்புறம் ஒடுங்கி நிற்கும், தரையில் பட்டதும் டயரின் பிடிப்பு அவற்றை விரியவிடாது, அதனால் வாகனம் பொய்யான உயரத்தில் நிற்கும் என்று விளக்கினார். சில மீற்றர் முன்னும் பின்னும் உருட்டி, பம்பரை அழுத்திவிட்ட பின்னர்தான் உண்மையான அளவு கிடைத்தது. ஒரு பக்கத்தைத் தொட்டால் மறுபக்கமும் சிறிது அசைவதால், இப்படித் தூக்கி, தளர்த்தி, இறக்கி, உருட்டி, அளப்பதை ஐந்து முறை செய்தேன். முடிவில் இடம் 478, வலம் 476. அந்த இரண்டு மில்லிமீற்றரை நான் மேலும் துரத்தவில்லை. மேற்கையின் கீழ் இப்போது இரு விரல்கள் தாராளமாக நுழைகின்றன.

உயரம் மாறினால் சில்லுகளின் சாய்வும் நேர்கோடும் மாறும் என்பதால், வீட்டுக்குத் திரும்பாமல் நேராக வீல் அலைன்மென்ட் செய்யச் சென்றேன். இந்த வரிசையைத் தலைகீழாக்கி, அலைன்மென்ட் செய்துவிட்டு உயரத்தைத் தொட்டால் செலவழித்த பணம் வீண். முன்விளக்குகளையும் மறக்கக்கூடாது. மூக்கு உயர்ந்து நின்ற மாதங்களில், இரவில் எதிரே வந்தவர்கள் ஏன் எனக்கு விளக்கை அடித்துக் காட்டினார்கள் என்பது சுவரில் ஒளிக்கோட்டைக் குறித்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. அவர்களுக்கு நான் கொடுத்த துன்பம் இன்னும் மனதில் உறுத்துகிறது.

கிழிந்த பூட்டுக்கும் கையின் ரப்பர்க் கட்டைகளுக்கும் கொழும்பின் உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் ஒரு பின்னேரம் அலைந்து மாற்று வாங்கினேன். வலப்பக்கக் கம்பி இடப்பக்கத்தைவிடக் கூடுதலாகத் தளர்ந்துள்ளது என்பது உறுதி. அடுத்த ஆண்டுக்குள் அது மீண்டும் பத்து மில்லிமீற்றர் இறங்கினால் போல்ட்டைத் தொடப்போவதில்லை, கம்பியையே மாற்றப்போகிறேன். வாங்கும்போது அதன் முனையில் உள்ள இடம், வலம் குறியைப் பார்த்து வாங்கவேண்டும். முறுகும் திசைக்கேற்பவே அவை தயாரிக்கப்படுகின்றன, ஒன்றை மற்றொன்றின் இடத்தில் போட முடியாது.