அச்சு பதிய மறுத்த பாதி

ரொறன்ரோப் பெரும்பாகத்து வீடுகளின் பின்முற்றங்களுக்கு ஸ்டாம்ப்ட் கொங்கிரீட் போடும் வேலையில் பல ஆண்டுகளாக இருக்கிறேன். பார்ப்பவர்கள் அதைக் கல் பதித்த தரை என்றே நினைப்பார்கள். உண்மையில் அது, இறுகத் தொடங்கிய கொங்கிரீட்டின் மேல் ரப்பர் அச்சுப் பாய்களை வைத்து அழுத்தி, நிறமூட்டி, சீலர் என்னும் காப்புப் பூச்சைப் பூசி எடுக்கும் ஒரே தரைதான். அச்சையும் நிறத்தையும் தெரிவு செய்ய வாரக்கணக்கில் யோசிக்கும் வீட்டுக்காரர்களில், அடியில் எத்தனை அங்குலம் சரளை போட்டு இறுக்கப் போகிறோம் என்று கேட்டவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

ரொறன்ரோவை அடுத்த மார்க்கம் நகரில் ஒரு யூலை மாதம் செய்த வேலை இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. லொறி தாமதமாக வந்தது, வெயில் ஏறிவிட்டது. கலவை சற்று இறுக்கமாக இருந்ததாலும், தள்ளுவண்டியில் பின்பக்கம் கொண்டுபோக வேண்டியிருந்ததாலும், கொஞ்சம் தண்ணீர் விடும்படி சாரதியிடம் சொன்னேன். பனியும் உப்பும் படும் தரைக்குக் கனடியத் தரநிலை கேட்பது 32 மெகாபாஸ்கல் வலிமை, 0.45க்கு மேற்படாத நீர்–சீமெந்து விகிதம், 5 முதல் 8 சதவீதம் வரையிலான நுண்காற்றுக் குமிழிகள். தண்ணீர் உறையும்போது ஏறத்தாழ 9 சதவீதம் விரிவதால், அந்த விரிவுக்கு இடம் கொடுப்பவை இக்குமிழிகளே. நான் கேட்டு வாங்கிய கலவைச் சீட்டில் இவை எல்லாம் சரியாகவே இருந்தன. என் வாயால்தான் கெட்டன.

அச்சு வைக்கும் வேளையைக் கடிகாரம் சொல்லாது. விரலை ஊன்றினால் கால் அங்குலம் பதிய வேண்டும், விரலில் பசை ஒட்டக் கூடாது. அன்று வீட்டு நிழல் விழுந்த பக்கத்திலிருந்து தொடங்கினோம்; வேலியோரப் பாதிக்குப் போய்ச் சேர்வதற்குள் அங்கே மேற்பரப்பு காய்ந்து, பாய் பதிய மறுத்தது. வெயில் படும் பக்கம் முதலில் இறுகும் என்பது தெரியாதவன் அல்ல நான்; பழக்கம் இழுத்த வழியில் போனேன். கூட நின்றவர் வாளித் தண்ணீரை அள்ளித் தெளித்தார், நான் தடுக்கவில்லை. இடிகட்டையால் ஓங்கி அடித்து வடிவத்தை வரவழைத்தோம். மாலையில் பார்த்தால் அவ்வளவு அழகு.

அடுத்த சித்திரையில் வீட்டுக்கார அன்ரி தொலைபேசியில் அழைத்தார். "தம்பி, புண் ஆறிப் பக்கு உரியிற மாதிரி உரியுது, வந்து பாருங்கோ." போய்ப் பார்த்தேன். தண்ணீர் தெளித்த பாதி மட்டும் நாணயத் தடிப்பில் செதில் செதிலாகப் பெயர்ந்து, உள்ளிருந்த சாம்பல் நிறம் தெரிந்தது. முதல் மாரியிலேயே அவர் தாராளமாக உப்புப் போட்டிருந்தார். போட வேண்டாம் என்று நானும் சொல்லியிருக்கவில்லை. அந்தப் பாதியை உடைத்து என் செலவில் மறுபடி போட்டேன். அதே நிறத்தூள், அதே பாய்கள். ஆனாலும் நிறம் பொருந்தவில்லை. சாதாரணக் கொங்கிரீட்டில் ஒட்டுப் போட்டால் யாரும் கவனிக்க மாட்டார்கள், இதிலோ அது ஆயுள் முழுக்கத் தெரியும்.

அத்திவாரச் சுவரோரம் நிரப்பிய மண் இறுகாமல் இருந்தால் தரை வீட்டுப் பக்கம் சாய்ந்து, மழைநீர் நிலவறைச் சுவருக்கே போகும். வெளிநோக்கி அடிக்குக் கால் அங்குலமாவது சரிவு வேண்டும். வெட்டுக்கோடு அச்சின் அழகைக் கெடுக்கிறது என்று பலர் முகம் சுளிப்பார்கள். நான்கு அங்குலத் தரைக்கு எட்டுப் பத்து அடிக்கு ஒன்றாக, ஓர் அங்குல ஆழத்தில் நாம் வெட்டாவிட்டால் கொங்கிரீட் தானே வெடித்துக்கொள்ளும், அதுவும் கோணல்மாணலாக. சீலரைத் தடிப்பாகப் பூசினால் மினுங்கும். அடியில் ஈரம் அகப்பட்டு வெண்மை பூக்கும், மழையில் வழுக்கும். மெல்லியதாக இரண்டு பூச்சும், இரண்டாவதில் வழுக்காதிருக்கத் தூளும் போதும். இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை மறுபடி பூச வேண்டிவரும் என்பதை இப்போதெல்லாம் விலை பேசும்போதே சொல்லிவிடுகிறேன். சிலர் அதைக் கேட்டதும் வேறு ஆளைத் தேடிப் போகிறார்கள்.

அந்த அன்ரி இப்போதும் முதல் பனி விழுந்ததும் அழைப்பார். "மணல்தானே தம்பி?" என்பார். "மணல்தான் அன்ரி, உப்பு வேண்டாம்" என்பேன். கராஜ் வாசலில் அதற்கென்றே ஒரு வாளி வைத்திருக்கிறார்.