கல்திட்டையைக் கூட்டிப் பெருக்காதீர்கள்

பழனி மலையில் கல்திட்டைகளை, அதாவது பலகைக் கற்களால் அறைபோலக் கட்டிய பழங்கால ஈமச்சின்னங்களை, காப்பாற்றக் கிளம்பும் உள்ளூர் வரலாற்றுக் குழுக்கள் முதல் நாள் எடுத்துப் போவது அரிவாள், கடப்பாரை, துடைப்பம். புதரை வெட்டி, உள்ளே சேர்ந்த மண்ணை வாரிக் கொட்டி, சுற்றிலும் கிடக்கும் கற்களை ஓரமாகக் குவித்து, பளிச்சென்று ஆக்கிப் படம் பிடித்துவிட்டுத் திரும்புவார்கள். நல்ல மனதோடு செய்கிற வேலைதான். ஆனால் ஒரு திட்டையைச் சாய்ப்பதற்கு இதைவிட விரைவான வழி கிடையாது.

காரணம் அதன் கட்டுமானத்திலேயே இருக்கிறது. தாண்டிக்குடி, பெருமாள்மலை, பேத்துப்பாறைப் பக்கம் பார்த்தவர்களுக்குத் தெரியும், பல திட்டைகள் மண்ணில் ஊன்றியவை அல்ல; வெறும் பாறை முகட்டின் மேல் பலகைக் கற்களை நிறுத்திக் கட்டியவை. பக்கக்கல்லுக்குக் கீழே குழி இல்லை. அதை நிமிர்த்தி வைத்திருப்பவை இரண்டே: மேலிருந்து அழுத்தும் மூடுகல்லின் பாரம், வெளியிலிருந்து முட்டுக் கொடுக்கும் சில்லுக்கற்கள். குப்பை என்று நாம் அள்ளுவது அந்த முட்டுக்கற்களைத்தான். அள்ளிய அன்றைக்கே ஒன்றும் ஆகாது. அடுத்த ஐப்பசி மழையில் மிச்சமிருக்கும் மண் கரைந்ததும் பக்கக்கல் வெளிப்புறமாகச் சாயும், மூடுகல் வழுக்கி விழுந்து இரண்டாகும். பிறகு அது வெறும் பலகைக்கல். வேலி போடவும் வாய்க்காலுக்குப் பாலம் போடவும் தோதாக இருக்கும்.

உள்ளே இருக்கும் மண்ணையும் தொடக்கூடாது. மட்கல ஓடு, மணி, எலும்புத் துணுக்கு எது இருந்தாலும் அது எந்த ஆழத்தில், எதன் பக்கத்தில் கிடந்தது என்பதில்தான் பாதிச் செய்தி இருக்கிறது. மண்வெட்டியால் வாரியபின் அந்தச் செய்தி திரும்பக் கிடைக்காது. தாண்டிக்குடியில் பேராசிரியர் கா. ராஜன் குழுவினர் செய்ததுபோல முறையான அகழாய்வுக்குத்தான் அந்த மண் காத்திருக்க வேண்டும். மலையடிவாரத்துப் பொருந்தலில் ஈமச்சின்னத்துக்குள் ஒரு ஜாடியில் கிடைத்த நெல்லை வைத்துத்தான் கி.மு. 490 என்ற காலக்கணிப்பு வந்தது. அந்த ஜாடியைத் துப்புரவுப் பணி என்று யாராவது முன்பே கவிழ்த்திருந்தால்?

அதனால் குழு செய்ய வேண்டிய முதல் வேலை பதிவு. இம்மலைத் திட்டைகளைச் சேசு சபைப் பாதிரியார்கள் அங்லாட், நியூட்டன் இருவரும் ஆராய்ந்து எழுதியதை இந்தியத் தொல்லியல் துறை 1928-இல் வெளியிட்டது. இன்று ஒரு திட்டை காணாமல் போயிருக்கிறது என்று நம்மால் சொல்ல முடிகிறதென்றால் அப்படி யாரோ எழுதி வைத்ததால்தான். எழுதாத திட்டை காணாமல் போனால் அது இருந்ததே தெரியாது.

பதிவுக்கு நாலு பேர் போதும். அதற்கு மேல் போனால் மிதிபடுவதுதான் மிச்சம். 5 மீட்டர் டேப் ஒன்று, 30 மீட்டர் டேப் ஒன்று, திசைகாட்டி, 10 சென்டிமீட்டருக்கு ஒரு முறை சிவப்பு வெள்ளை மாறி மாறி அடித்த ஒரு மீட்டர் அளவுகோல், அட்டையோடு தாள், பென்சில். பேனா வேண்டாம், மஞ்சு இறங்கினால் தாள் நமுத்துப் பேனா எழுதாது, எழுதியதும் ஊறிவிடும். காப்புக்காடு என்றால் வனத்துறை அனுமதியும் காப்பித் தோட்டம் என்றால் உரிமையாளர் சம்மதமும் எழுத்தில் இருக்கட்டும்.

போனதும் எதையும் விலக்காமல் இருப்பது இருந்தபடி நாலு பக்கமும் படம். அதற்குப் பிறகுதான் எண். எண்ணைத் தாளில் எழுதிப் பக்கத்தில் வைத்துப் படம் எடுங்கள். எனாமல் பெயின்டில் கல்லின் மேலேயே எண் எழுதும் பழக்கம் இன்னும் இருக்கிறது, தயவுசெய்து வேண்டாம். அது போகவே போகாது.

அளவில் அதிகம் நேரும் தவறு, உள்ளளவா வெளியளவா என்று குறிக்காமல் விடுவது. அறையின் நீளம், அகலம், உயரம் உள்ளளவு. மூடுகல்லுக்கு நீளம், அகலம், கனம். கனம் ஒரே சீராக இருக்காது, ஆகவே மூன்று இடத்தில் எடுங்கள். தளக்கல் இருக்கிறதா, பக்கக்கற்கள் எத்தனை, இடுதுளை (பக்கக்கல்லில் குடைந்த ஓட்டை) இருந்தால் எந்தக் கல்லில், எந்தத் திசையில், வட்டமா அரைவட்டமா என்று குறியுங்கள். அளப்பவர் எண்ணை உரக்கச் சொல்ல வேண்டும், எழுதுபவர் அதைத் திருப்பிச் சொல்லிவிட்டு எழுத வேண்டும். காற்றடிக்கும் முகட்டில் ‘அறுபது’ ‘எழுபது’ ஆகிவிடும். திசைகாட்டி பார்க்கும்போது கைபேசி, இரும்பு டேப், அரிவாள் எல்லாம் இரண்டு மூன்று எட்டுத் தள்ளி இருக்கட்டும்.

இடக்குறிக்குக் கைபேசியைக் கையில் எடுத்ததும் வரும் எண்ணை எழுதக்கூடாது. வானம் தெரியும் இடத்தில் சில நிமிடம் வைத்து, பிழை வட்டம் 5 மீட்டருக்குள் சுருங்கியபின் மூன்று முறை எடுங்கள். இம்மலையில் அட்சரேகை 10-இல் தொடங்கும், தீர்க்கரேகை 77-இல் தொடங்கும். பட்டியலில் இடம் மாறி ஏறியிருந்தால் பார்த்தவுடன் பிடித்துவிடலாம். அதோடு கிராம நிர்வாக அலுவலரிடம் அ-பதிவேட்டையும் (நில விவரப் பதிவேடு) புலப்படத்தையும் (நில அளவை வரைபடம்) பார்த்துச் சர்வே எண்ணைச் சேருங்கள். பட்டாவா, புறம்போக்கா, வனமா என்பது இல்லாத பதிவால் ஒரு மனுகூட எழுத முடியாது. சாலை அகலப்படுத்தும்போதும் தோட்டம் கைமாறும்போதும் உதவுவது சர்வே எண்தான்.

முப்பரிமாணப் பதிவுக்கு விலை உயர்ந்த கருவி தேவையில்லை; படங்களை இணைத்து முப்பரிமாண உருவமாக்கும் மென்பொருள் போதும். மூடாக்கு நாளில் கைபேசிக் கேமராவால் திட்டையை மூன்று சுற்று சுற்றி வாருங்கள்: முழங்கால் உயரத்தில் ஒன்று, நெஞ்சுயரத்தில் ஒன்று, கையைத் தூக்கி ஒன்று. ஒவ்வொரு படமும் முந்தைய படத்தின் முக்கால் பங்கைத் திரும்பக் காட்ட வேண்டும். ஒரு திட்டைக்கு 80 முதல் 120 படம் வரும். சுள்ளென்று வெயில் அடித்தால் நிழல் நகர்ந்து மென்பொருளைக் குழப்பும். புல் ஆடினாலும் அந்தப் பகுதி கஞ்சியாகிவிடும், ஆகவே காற்று அடங்கிய காலை நேரம் நல்லது.

செடியை என்ன செய்வது? உண்ணிச்செடியைப் பிடுங்காதீர்கள், வேர் முட்டுக்கற்களைக் கட்டிப் பிடித்திருக்கும், பிடுங்கினால் கற்களோடு வரும். தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் வெட்டி விட்டு, தளிர்த்தால் மறுபடி வெட்டுங்கள். மரமே முளைத்திருந்தால் தொல்லியல் துறைக்கு எழுதுவதுதான் வழி. கல்மேல் படர்ந்த பாசியையும் கற்பாசியையும் கம்பி பிரஷால் தேய்த்தால் மேற்பரப்பே துகளாக வரும், ஆசிட் இன்னும் மோசம். திட்டைக்குள் அடுப்பு மூட்டியிருப்பதைப் பார்த்தால் சும்மா விடாதீர்கள். சூடேறிய பலகைக்கல் சிப்புச் சிப்பாகப் பெயரும், இரவுக் குளிரில் விரிசல் ஓடும்.

துல்லியமான இடக்குறியை இணையத்தில் போடாதீர்கள். புதையல் தேடிக் கல்லைப் புரட்டுகிறவர்களுக்கு அதுவே வழிகாட்டி. பொதுவில் ஊர்ப்பெயர் போதும். எண்கள் குழுவின் பதிவேட்டிலும் தொல்லியல் துறையிடமும் இருக்கட்டும். மண்ணிலிருந்து வெளிப்பட்ட பொருள் எதையும் வீட்டுக்குக் கொண்டுவரக்கூடாது. 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி 10 ரூபாய்க்கு மேல் பெறுமானமுள்ள கண்டெடுப்பைக்கூட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். நூறாண்டு கடந்த தொல்பொருள்களுக்கு 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள், கலைப்பொருள் சட்டம் தனியாக இருக்கிறது.

நடுகல், கோயில் கல்வெட்டு என்றால் மைப்படி, அதாவது கல்மேல் தாளை ஒட்டி மை ஒற்றி எடுக்கும் நகல். எழுத்தில் சாக்பீஸ் தீட்டிப் படமெடுப்பது படிப்பு ஆகாது. தீட்டுகிறவர் எதை எழுத்து என்று நினைத்தாரோ அதுதான் படத்தில் விழும். கல்லைத் தண்ணீர் விட்டுத் தேங்காய் நார் பிரஷால் மெல்லக் கழுவி, நனைத்த மேப்லித்தோ தாளை மேலிருந்து கீழாகச் சுருக்கமில்லாமல் ஒட்டுங்கள். நடுவிலிருந்து ஓரத்துக்குப் பிரஷால் கொத்தக் கொத்தக் காற்றுக் குமிழி வெளியேறி, தாள் எழுத்துப் பள்ளத்துக்குள் இறங்கும். கிழிந்தால் அதே தாளின் நனைந்த துண்டை மேலே வைத்துக் கொத்தினால் சேர்ந்துவிடும். விளக்குக் கரியும் பிசினும் காய்ச்சிய மையை, பஞ்சு வைத்துக் கட்டிய துணிப்பொதியில் தொட்டு, முதலில் வேறு தாளில் ஒற்றிப் பார்த்துவிட்டு, பிறகு கல்மேல் லேசாக ஒற்ற வேண்டும். மேடு கறுக்கும், பள்ளம் வெள்ளையாக நிற்கும்.

எல்லாத் தொல்லையும் ஈரத்தில்தான். தாளின் மினுமினுப்பு அடங்கும் முன் மை ஒற்றினால் ஊறிப் பரவி எழுத்தை மூடும், கல்லிலும் கறை இறங்கும். முழுக்கக் காய்ந்துவிட்டால் தாள் தானாகவே விட்டுக்கொண்டு காற்றில் போகும். சமவெளியில் இந்த இடைவெளி சில நிமிடம். மலையிலோ மதியம் மஞ்சு ஏறிவிட்டால் தாள் காய்வதே இல்லை. மாசி, பங்குனியில் காலை 9 மணிக்குத் தொடங்கி 12 மணிக்குள் உரித்துவிடுவதாகத் திட்டமிடுங்கள். உரித்ததும் ஊர், இடம், கல் பார்க்கும் திசை, தேதி எல்லாம் பின்பக்கம் பென்சிலால் எழுதுங்கள். பொரிந்து உதிரும் கல்லிலும் வண்ணம் உள்ள பாறையிலும் மைப்படி கூடவே கூடாது. அங்கே இருட்டியபின் டார்ச்சைக் கல்லோடு ஒட்டினாற்போல் சாய்த்துப் பிடித்து, நாலு பக்கமிருந்தும் தனித்தனியே படம் எடுத்தால் போதும். துறைகளின் பாதுகாப்பில் உள்ள சின்னங்களில் அனுமதி இல்லாமல் எதுவும் செய்யாதீர்கள்.

காகிதம் பற்றிச் சுருக்கமாக. தோட்டக் கணக்கு, குத்தகைப் பத்திரம், பழைய புகைப்படம் எது வந்தாலும் லேமினேஷன் செய்யாதீர்கள், செல்லோடேப் ஒட்டாதீர்கள். இரண்டையும் பின்னால் பிரிக்க முடியாது. ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டினால் பூஞ்சை கிளம்பும், கொடைக்கானல் மழைக்காலத்தில் அது அன்றாடம். பீரோவைச் சுவரிலிருந்து நாலு விரற்கடை தள்ளி வையுங்கள், அடித்தட்டைக் காலியாக விடுங்கள், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் நிறம் மாறியதும் சூடேற்றித் திரும்பப் போடுங்கள். அந்துருண்டை பூஞ்சையைக் கொல்லாது. பூஞ்சை பிடித்த புத்தகத்தை முதலில் மற்றவற்றிலிருந்து பிரித்து, நிழலில் விசிறிக் காற்றில் உலர்த்தி, முகக்கவசம் போட்டு வெளியே வைத்துத்தான் தட்ட வேண்டும். ஸ்கேன் செய்யும்போது எழுத்துக்கு 300, புகைப்படத்துக்கு 600 டிபிஐ.

கடைசியாகப் பெயர்கள். பாண்டவர் வீடு, குள்ளர் வீடு, வாலியர் வீடு என்று தமிழ்நாடெங்கும் திட்டைக்குப் பெயர் உண்டு. ஆனால் அந்தக் குறிப்பிட்ட முகட்டுக்கும் அதற்குப் போகும் பாதைக்கும் பக்கத்து ஓடைக்கும் என்ன பெயர் என்று பளியர், புலையர், குன்னுவர் குடிகளின் பெரியவர்களிடம்தான் கேட்க வேண்டும். அவர்கள் உச்சரிப்பதை அப்படியே எழுதுங்கள், ‘திருத்த’ வேண்டாம். யார் சொன்னது, என்றைக்கு என்பதும் பதிவாகட்டும். பெயரைப் போடலாமா என்று கேட்டுவிட்டுப் போடுங்கள். விளக்கேற்றிக் கும்பிடும் திட்டையாக இருந்தால் அவர்கள் அனுமதித்த தூரத்தில் நின்றே அளவெடுங்கள்.

குழுவைச் சங்கமாகப் பதிவு செய்ய, 1975-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி 7 பேர் வேண்டும். பதிவு ஆகும் வரை காத்திருக்காமல் பதிவேட்டை இன்றைக்கே தொடங்கலாம். நீளமான கட்டுக் கணக்குநோட்டு ஒன்று, பக்க எண் போட்டது. வரிசை எண், இடம், சர்வே எண், அளவு, படங்களின் கோப்பு எண், தேதி, பார்த்தவர்கள் கையெழுத்து. தவறானால் ஒரு கோடு கிழித்துப் பக்கத்தில் எழுதுங்கள், அழிக்காதீர்கள். நகல் மூன்று இடத்தில் இருக்கட்டும், அதில் ஒன்று மலைக்குக் கீழே. ஆண்டுக்கு ஒரு முறை, தை பிறந்து மழை வடிந்தபின், அதே நோட்டோடு அதே திட்டைகளுக்குப் போய் அதே நாலு கோணத்தில் படம் எடுங்கள். பழைய படத்தில் உள்ள முட்டுக்கல் புதிய படத்தில் இல்லையென்றால் அன்றைக்கே தொல்லியல் துறைக்கும் வட்டாட்சியருக்கும் கடிதம் போக வேண்டும், இரண்டு படத்தையும் இணைத்து.