ஒன்றரைப் பேர் புத்தகம்

செப்டெம்பர் 28, 2025, ஞாயிறு

அதிகாலை மூன்றரைக்கு மலையகத்து ஹட்டனில் பஸ் ஏறினேன். கினிகத்தேனை இறக்கத்தில் ஒரு தூக்கம், அவிசாவளையில் ஒரு பிளேன்டீ. கொழும்புப் புத்தகக் கண்காட்சியின் வாசல் திறப்பதற்கு முன்பே வரிசையில் நின்றுவிட்டேன். எனக்கு முன்னால் நின்ற சிங்களக் குடும்பம் சக்கரம் வைத்த பயணப்பெட்டியை இழுத்துக்கொண்டு வந்திருந்தது. விமான நிலையத்துக்குப் போகிறவர்கள் வழி தவறிவிட்டார்களோ என்று ஒரு கணம் நினைத்தேன். திரும்பும்போது பார்த்தேன், அந்தப் பெட்டி மூட முடியாமல் பிதுங்கிக்கொண்டிருந்தது. பொறாமையாக இருந்தது.

தமிழ்க் கடைகள் கைவிரலுக்குள் அடங்கும். அவற்றைத் தேடிப் பிடிப்பதற்குள் கால் ஓய்ந்துவிடும். இந்தியப் புத்தகங்களின் பின்னட்டையில் 250 என்று அச்சிட்டிருக்கும். அதன்மேல் 1,400 என்று வெள்ளைத் துண்டு ஒட்டியிருக்கும். நகத்தால் மெல்லக் கிளப்பிப் பார்த்துவிட்டு மறுபடியும் அழுத்தி வைத்துவிடுவது என் வழக்கம். கடைக்காரரும் பார்த்தும் பாராதது போல இருந்துவிடுவார்.

நான்கு புத்தகங்கள், 5,900 ரூபாய். வீட்டுக்கு வரும்போது இரவு ஒன்பதரை. திண்ணையில் உட்கார்ந்திருந்த அம்மா பையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "எத்தனை பேர் ஐயா?" என்று கேட்டார்.

வெளியூர்க்காரர்களுக்கு இதைச் சொல்லியாக வேண்டும். தேயிலைத் தோட்டத்தில் பேர் என்றால் ஒரு நாள் வேலை. கொழுந்து நிறை குறைந்தால் அரைப்பேர். முப்பது வருடம் கொழுந்து பறித்த அம்மாவுக்கு எந்தப் பொருளின் விலையும் பேரில்தான் விளங்கும். இந்த வருடத்து நாட்சம்பளம் 1,350. நாலே கால் பேருக்கு மேலே ஆயிற்று என்று கணக்குச் சொன்னேன். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. ஒன்றும் சொல்லாமல் இருப்பதற்கு அம்மாவிடம் ஒரு தனி முகம் இருக்கிறது.

செப்டெம்பர் 30, செவ்வாய்

மழை. ஈரம் அண்டாமல் இருக்க அலுமாரியில் எரியும் பதினைந்து வாட் பல்ப் போய்விட்டது. இரண்டு நாள் கவனிக்கவில்லை, அதற்குள் மேல்தட்டு அட்டைகளில் சாம்பல் பூத்ததுபோல் பூஞ்சணம். புத்தகம் வாங்குவதற்கு மட்டும் செலவு என்று நினைக்கிறவர்கள் யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ இருப்பவர்களாக இருக்க வேண்டும். இங்கே புத்தகத்துக்கு மின்சாரக் கட்டணமும் கட்ட வேண்டும்.

புதியவற்றுக்கு உறை போட்டேன். தேயிலைத் தூள் அடைக்கும் கடதாசிச் சாக்கின் உள்தாளைப் போல உறைக்கு உகந்தது வேறில்லை. தடிப்பு, ஈரம் ஏறாது, முதல் ஒரு மாதத்துக்குப் புத்தகத்தைத் திறந்தால் டஸ்ட் தூள் வாசனை வரும்.

ஒக்டோபர் 1, புதன்

நான்கில் விலை கூடியதைத்தான் முதலில் எடுத்தேன். தோட்டத்தில் நடக்கும் பழைய நாவல் ஒன்றின் மறுபதிப்பு. 2,000 ரூபாய், ஒன்றரைப் பேர். பெயரைச் சொன்னால் பதிப்பகமும் தெரிந்துவிடும், அதனால் விட்டுவிடுகிறேன்.

இரவு பதினொரு மணி. எண்பதாம் பக்கத்தின் கடைசி வரியில், தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடான லயத்தில், ஒரு காம்பராவின் கதவை யாரோ தட்டுகிறார்கள். அவள் எழுந்து போய்க் கதவைத் திற. அந்த இடத்தில் பக்கம் முடிகிறது. தாளைத் திருப்பினால் அறுபத்தைந்தாம் பக்கம். ஏற்கெனவே படித்த மழை மறுபடியும் பெய்கிறது, ஏற்கெனவே வைத உத்தியோகத்தர் மறுபடியும் வைகிறார். இரண்டாவது எண்பதுக்குப் பிறகு நேரே தொண்ணூற்றேழு. அங்கே அவளுக்குக் குழந்தை பிறந்துவிட்டது!

திறந்தாளா, திறக்க மறுத்தாளா?

ஒக்டோபர் 3, வெள்ளி

பதிப்பகத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். மரியாதையாகத்தான் பேசினார்கள். பிரதிகள் தீர்ந்துவிட்டன, அடுத்த அச்சில் பார்க்கலாம், பற்றுச்சீட்டு இருக்கிறதா என்றார்கள். பற்றுச்சீட்டில் ஞாயிறன்றே முறுக்கு மடித்துத் தின்றாகிவிட்டது.

ஒக்டோபர் 6, திங்கள், பௌர்ணமி

எங்கள் வாசகர் கூட்டம் பௌர்ணமிதோறும் கூடும். பள்ளிக்கூடமும் கடையும் ஒன்றாக மூடும் நாள் அதுதானே. இம்முறை டிக்கோயாவில் டீச்சர் அக்கா வீடு. மொத்தம் ஆறு பேர், மழையால் வந்தது நான்கு பேர். ஒரே ஒரு விதிதான்: புத்தகத்தைக் காட்டுகிறவர் விலையையும் சொல்ல வேண்டும், பின்னட்டையின் உட்புறத்தில் ஒட்டிய துண்டில் அடுத்து வாசிப்பவர்களின் பெயரையும் எழுத வேண்டும். வாங்குவது ஒருவர், வாசிப்பது ஆறு பேர் என்றால் நாலே கால் பேரும் முக்கால் பேருக்குள் வந்துவிடும். அம்மாவிடம் சொல்ல இந்தக் கணக்கு உதவும்.

டீச்சர் அக்கா பழைய புத்தகக் கடையில் கோகிலம் சுப்பையாவின் ‘தூரத்துப் பச்சை’யைப் பிடித்திருக்கிறார். 1964இல் வந்த நாவல். அரைப்பேர் விலைதான். முதுகு பெயர்ந்து, ஓரமெல்லாம் இராமபாணப் பூச்சி ஓட்டை போட்டிருக்கிறது. அதை மடியிலேயே வைத்திருந்தார், யாரிடமும் கொடுக்கவில்லை. துண்டு ஒட்டவில்லையா என்று கேட்டதற்கு, "பசை காயட்டும்" என்றார். பசையே தடவவில்லை.

பாமசியில், அதாவது மருந்துக்கடையில், இருக்கும் தம்பி போன மாதம் இணையத்தில் மூன்று புத்தகங்கள் வரவழைத்தான். இரண்டு கைக்கு வந்தன. மூன்றாவது பத்து நாளாகத் தோட்டத்து ஆபீசில் கிடக்கிறதாம். லயத்துக்குத் தனி விலாசம் ஏது? தோட்டத்தின் ஒரு பிரிவான டிவிசனுக்கே ஒரு விலாசம்தான். கடிதமானாலும் நீதிமன்ற அழைப்பாணையானாலும் ஆபீசுக்கு வந்து, யாராவது அந்தப் பக்கம் போகும்போது எடுத்துவந்தால்தான் உண்டு. இனிமேல் நகரத்துப் பாமசி விலாசத்தையே கொடு என்று கணக்கப்பிள்ளை ஐயா சொன்னார். "என் பெயருக்கு வரும் புத்தகத்தில் என் வீட்டு விலாசம் இருக்க வேண்டும் ஐயா" என்றான் தம்பி. மலையகத் தமிழர் இலங்கைக்கு வந்து 200 வருடம் ஆனதை நினைவுகூர்ந்து 2023இல் நடந்த மலையகம் 200 நடைபயணத்தில் மாத்தளை வரைக்கும் நடந்தவன் அவன். மலையகத்துப் பழைய புத்தகங்கள்மேல் பைத்தியம் பிடித்ததும் அதன் பிறகுதான்.

கணக்கப்பிள்ளை ஐயா இம்மாதமும் எதுவும் வாங்கவில்லை. ஓய்வூதியம் இல்லாத மனிதர். ஆனால் வெறுங்கையோடு வரமாட்டார். 1997இல் துரைவி பதிப்பகம் வெளியிட்ட ‘மலையகச் சிறுகதைகள்’ தொகுப்பைச் சவர்க்காரப் பையில் சுற்றிக் கொண்டுவந்தார். தெளிவத்தை ஜோசப் தொகுத்தது. மலையக எழுத்தாளர் சி.வி. வேலுப்பிள்ளையின் பேச்சு எழுந்தால் ஐயாவை நிறுத்த முடியாது. மடக்கும்புரையில் பிறந்து, 1947இல் தலவாக்கலைத் தொகுதியில் வென்று பாராளுமன்றம் போனவர்; மறு வருடமே குடியுரிமைச் சட்டம் வந்து, அவருக்கு வாக்களித்த சனத்தை நாடற்றவர்களாக்கிவிட்டது. இதை ஐயா நூறு தடவையாவது சொல்லியிருப்பார். நூறு தடவையும் "மறு வருடமே" என்ற இடத்தில் குரல் தாழ்ந்துவிடும்.

கடைசியில் என் முறை. புத்தகத்தைக் காட்டி, கதையைச் சொல்லி, கதவருகில் நிறுத்தினேன். மூவரும் ஒரே நேரத்தில் "பிறகு?" என்றார்கள். எனக்கும் அதுதானே தெரியாது!

தம்பி உடனே கைத்தொலைபேசியை எடுத்தான். 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ இணையத்தளத்தில் ஈழத்துப் பழைய புத்தகங்களை வருடிப் போட்டிருக்கிறார்கள், காசில்லாமல் வாசிக்கலாம். டீச்சர் அக்கா வீட்டில் சமையலறை ஜன்னலோரத்தில் மட்டும்தான் சிக்னல். நால்வரும் அடுப்பருகே நெருக்கிக்கொண்டு நின்றோம். முதல் பதிப்பு கிடைத்தது. ஈய எழுத்து, பொடி அச்சு, ஒரு பக்கத்தில் எவரோ தேநீர்க் கோப்பையை வைத்த வட்டம். என் புத்தகத்தின் பதினாறு பக்கம் அதில் பதினொன்றுக்குள் அடங்கியிருந்தது.

டீச்சர் அக்கா சத்தமாக வாசிக்கத் தொடங்கினார். ஐயா கையை உயர்த்தினார். "வேண்டாம் டீச்சர். நான் வரிசையில் இருக்கிறேன்."

ஒக்டோபர் 9, வியாழன்

கடையில் பதினொரு பக்கத்தையும் இரண்டு புறமும் அச்செடுத்தேன். ஆறு தாள், 220 ரூபாய். வீட்டுக்கு வந்து படித்துவிட்டேன். அவள் என்ன செய்தாள் என்பதை இங்கே எழுத மாட்டேன்.

ஒக்டோபர் 11, சனி

கலியாணப் பத்திரிகையும் கோவில் திருவிழாத் துண்டுப்பிரசுரமும் அடிக்கும் அச்சகத்துக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு முதியவர் புத்தகம் கட்டுகிறார். பள்ளிக்கூட இடாப்புகள், கோவில் கணக்குக் கொப்பிகள், இவைதான் அவருக்கு வருமானம். என் புத்தகத்தை வாங்கி முதலில் முகர்ந்தார். முதுகைப் பிடித்து இரண்டு பக்கமும் வளைத்தார். உள்ளே பிசின் நறநறவென்றது.

"அச்சில் பிழை இல்லை. பாரம் அடுக்கிய பிள்ளை ஒரே குவியலிலிருந்து இரண்டு தடவை எடுத்துவிட்டது. ஒரு பாரம் என்றால் மடித்த பெரிய தாள் ஒன்று, பதினாறு பக்கம். பசி நேரமாக இருந்திருக்கும்."

யார்மீது கோபப்படுவது என்று பத்து நாளாக எனக்குத் தெரியாமல் இருந்தது. அந்தக் கோபத்துக்கும் இனி இடமில்லை.

தைத்த கட்டு என்றால் நூலை அறுத்துப் பாரத்தையே மாற்றிவிடலாமாம். இது வெறும் ஒட்டுக் கட்டு. முதுகைச் சுரண்டினால் புத்தகம் சீட்டுக்கட்டாகிவிடும். அதனால் இரட்டித்த எட்டுத் தாளையும், முதுகிலிருந்து ஒரு விரல் அகலம் விட்டு, இரும்பு அடிமட்டம் வைத்து ஒவ்வொன்றாக வெட்டினார். ஒரே இழுப்பு, பிளேடு அடுத்த தாளைத் தொடவில்லை. எட்டு அடிக்கட்டைகள் பல் போல எழுந்து நின்றன. புதிய தாள்களைப் புத்தக அளவுக்கு நறுக்கி அந்த அடிக்கட்டைகளில் ஒட்டத் தொடங்கினார். பசை கோதுமை மாவில் காய்ச்சியது, கொதிக்கும்போது ஒரு சிட்டிகை மயில்துத்தம். "அது இருந்தால் பூச்சி வாய் வைக்காது. கடைப் பசையில் என்ன இருக்கிறது, வாசனைதான் இருக்கிறது." ஆறு தாளுக்கு ஆறு அடிக்கட்டை போக, இரண்டு வெறுமையாக மிஞ்சின. வெட்டிவிடட்டுமா என்று கேட்டார். இருக்கட்டும் என்றேன்.

பாரக்கல் ஏற்றிக் காய வைக்க வேண்டும், தீபாவளி நெருக்கடியும் இருக்கிறது, ஒரு வாரம் கழித்து வா தம்பி என்றார்.

ஒக்டோபர் 18, சனி

நகரத்தில் கால் வைக்க இடமில்லை. தீபாவளி முற்பணம் கொடுத்துவிட்டார்கள். நடைபாதை நெடுகச் சட்டைக் குவியல், பட்டாசு, பிளாஸ்ரிக் வாளி. அம்மாவுக்கு ஒரு சேலை, பிள்ளைக்கு ஒரு சட்டை வாங்கிக்கொண்டு சந்துக்குள் ஒதுங்கினேன்.

புத்தகம் தயார். மூடிப் பார்த்தால் ஒட்டு வேலை நடந்ததே தெரியவில்லை. ஓரத்தில் மட்டும் ஆறு தாள் சற்று வெளுப்பாகத் தெரிகிறது. கூலி எவ்வளவு என்று கேட்டேன். பதில் சொல்லாமல் மேசை லாச்சியை இழுத்தார். உள்ளே அன்று வெட்டியெடுத்த எட்டுத் தாள்களும், மூலையில் ஒரு நூல் போட்டுத் தைத்து, சின்னக் கொப்பி போல இருந்தன.

"கதையில் அந்தப் பிள்ளை ஏன் தேயிலை ஸ்டோருக்குப் பின்னால் போய் ஒளிந்து நிற்கிறது? அதற்கு முன்னால் என்ன நடந்தது?"

அறுபத்தைந்திலிருந்து எண்பது வரை மூன்று தடவை படித்திருக்கிறார். காசு வேண்டாம், ஒரு வாரம் புத்தகத்தைத் தா என்றார். கொடுத்துவிட்டு வந்தேன்.

பின்னட்டைத் துண்டில் முதல் பெயர் டீச்சர் அக்கா, அடுத்தது தம்பி, மூன்றாவது ஐயா. எல்லாவற்றுக்கும் மேலே இருந்த சின்ன இடுக்கில் பெரியவரின் பெயரை நெருக்கி எழுதி ஓர் அம்புக்குறி போட்டிருக்கிறேன். டீச்சர் அக்காவிடம் இன்னும் சொல்லவில்லை.