கல்யாணம் கட்டாத பிள்ளைக்கு என்ன தெரியும்?

கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் வீடு நாலாம் மாடியில் இருக்கிறது. என் மகனைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு நேர்முகத்துக்கு வந்த பிள்ளை விடைபெற்றுப் போய், லிஃப்ட் இறங்கும் சத்தம் அடங்கவில்லை. மாமி கேட்டுவிட்டார்.

"உவளுக்கு என்ன தெரியும்? கல்யாணமும் கட்டேல்லை, பிள்ளையும் பெறேல்லை. கடதாசியை நம்பியோ பிள்ளையைக் குடுக்கப் போறாய்?"

எனக்கு உடனே பதில் வரவில்லை. அதே கேள்வி எனக்குள்ளும் இருந்தது. வந்தவருக்கு வயது 21. அட்டன் பக்கத்துத் தோட்டம் ஒன்று ஊர். பராமரிப்பாளர் பயிற்சியில் தேசிய தொழிற்தகைமை மூன்றாம் மட்டம். சான்றிதழ் கைக்கு வந்து ஆறு கிழமைதான். இதற்கு முதல் எந்த வீட்டிலும் வேலை செய்ததில்லை. என் மகனுக்கோ அப்போது மூன்றரை மாதம்.

பிரசவ லீவு 84 நாள். வார விடுமுறையையும் பௌர்ணமிப் போயா விடுமுறையையும் கழித்து எண்ணினாலும் நாலு மாதம் மட்டில்தான் வருகிறது. ஆறு மாதம் வரைக்கும் தாய்ப்பால் மட்டும்தான் என்று கிளினிக்கில் சொல்கிறார்கள். நடுவில் உள்ள இரண்டு மாதத்தை ஒவ்வொரு வீடும் தன் பாட்டில் சமாளிக்க வேண்டியதுதான். மாமிக்கு இரண்டு முழங்காலும் நோ, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடக்க ஏலாது. என் அம்மா யாழ்ப்பாணத்தில், அப்பாவை விட்டு வர முடியாத நிலை. அதனால் ஆள் தேடினோம்.

முதலில் போனது ஒரு முகவர் அலுவலகத்துக்கு. "பிள்ளையும் பார்ப்பாள், சமைப்பாள், வீடும் கூட்டுவாள், ஒரு சம்பளம் போதும் மிஸ்" என்றார்கள். அப்போதே எழும்பி வந்திருக்க வேண்டும். வரவில்லை, பணத்தைக் கட்டினேன். அவர்கள் கூட்டி வந்த பிள்ளைக்கு 19 வயது என்றார்கள். அடையாள அட்டையைக் கேட்டு வாங்கிப் பார்த்தால் பதினெட்டாக இன்னும் ஏழு மாதம் இருந்தது. வீட்டு வேலைக்கு 18 வயதுக்குக் குறைந்தவர்களை வைக்கக்கூடாது என்பது அவர்களுக்குத் தெரியாமல் இருக்க முடியாது. 2021 ஜூலையில், டயகமவிலிருந்து கொழும்புக்கு வேலைக்கு வந்த 16 வயதுப் பிள்ளை தீக்காயத்தோடு செத்துப்போனதை ஒருவரும் மறந்திருக்கவும் முடியாது. அந்தப் பிள்ளைக்குச் சாப்பாடு கொடுத்து, தாயோடு போனில் கதைத்து, பஸ் காசும் கொடுத்து ஆளோடு அனுப்பி வைத்தோம். கட்டிய பணம் திரும்பி வரவில்லை.

அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை. எங்கள் அம்மா வீட்டிலும் ஒரு பிள்ளை இருந்தவர். அப்போது நாங்கள் கொட்டாஞ்சேனையில். எனக்கு ஆறு வயது, அவருக்குப் பன்னிரண்டு இருக்கும். மஸ்கெலியாவிலிருந்து கொண்டுவந்து விட்டிருந்தார்கள். என்னை இடுப்பில் வைத்துக்கொண்டே வீட்டு வேலை எல்லாம் செய்தார். அவருடைய பெயரும் என் சின்னம்மாவின் பெயரும் ஒன்று என்பதால் வீட்டில் வேறு பெயர் வைத்துக் கூப்பிட்டோம். சம்பளத்தைத் தகப்பன் வருடத்துக்கு ஒரு தடவை வந்து வாங்கிக்கொண்டு போவார். அந்தப் பிள்ளை ஒரு கதிரையில் இருந்ததை நான் பார்த்ததாக நினைவே இல்லை. இப்போது எங்கே இருக்கிறார் என்று அம்மாவைக் கேட்டேன். அம்மாவுக்கும் தெரியாது.

என் மகனைப் பார்க்க வருகிறவர் தன் பெயரோடும் தன் வயதோடும் தன் படிப்போடும் வரவேண்டும் என்ற பிடிவாதம் அன்றைக்குத்தான் வந்தது.

"இருபது வருஷ அனுபவம் உள்ள ஆளாய்ப் பார்" என்றார்கள் நண்பிகள். அப்படி ஒருவரையும் பார்த்தோம். நல்ல மனிசி, கலகலப்பாகக் கதைத்தார். ஆனால் நான் கேட்ட எந்தக் கேள்விக்கும் பதில் சொல்லாமல் "உதெல்லாம் எனக்கு விடுங்கோ" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். விட எனக்கு மனம் வரவில்லை.

பிறகு, என் கணவரோடு வேலை செய்பவரின் மனைவி, தொழிற்பயிற்சி நிலையம் ஒன்றில் படிப்பிக்கிறவர், இந்தத் தங்கச்சியைப் பற்றிச் சொன்னார். சான்றிதழ் இலக்கத்தைச் சரிபார்த்தோம். கிராம சேவகர் சான்றிதழும் பொலிஸ் அறிக்கையும் அவரே கொண்டு வந்தார். இவை எல்லாவற்றையும் விட எனக்கு உதவியது, தெஹிவளையில் அவர் பயிற்சிக்கு நின்ற பகல்நேரப் பராமரிப்பு நிலையத்தின் பொறுப்பாளரோடு பேசிய இருபது நிமிடம்தான். "கை கொஞ்சம் மெதுவு. ஆனால் சொல்லாமலே கை கழுவும் பிள்ளை. தெரியாததைக் கேட்டுவிட்டுத்தான் செய்யும்" என்றார். புதிதாகப் படித்து வருகிறவரை எடுக்க நினைப்பவர்கள், சான்றிதழைப் பார்த்ததோடு நிற்காமல், பயிற்சி எடுத்த இடத்துக்கும் ஒரு அழைப்பு எடுங்கள்.

நேர்முகத்தில் பாடக் கேள்விகள்தான் கேட்டேன். தொண்டையில் அடைத்தால் என்ன செய்வீர்கள்? "ஒரு வயசுக்குக் குறைஞ்ச பிள்ளைன்னா கவுத்து, தலை தாழ்ந்து இருக்கிற மாதிரி முன்கையில படுக்க வச்சு, தோள்பட்டைக்கு நடுவுல அஞ்சு தட்டு. வரலன்னா திருப்பி, நெஞ்சுல அஞ்சு அழுத்து. வயித்த அழுத்தக்கூடாது. கண்ணுக்குத் தெரியாதத விரல விட்டுத் தேடக்கூடாது. ஒருத்தர் 1990 அம்புலன்சுக்கு எடுக்கணும்." எப்படி நித்திரையாக்குவீர்கள்? மல்லாக்க, தட்டையான மெத்தையில், தலையணை இல்லாமல். எல்லாம் மனப்பாடமாக வந்தன.

கடைசியாக, "உங்களுக்கு இன்னும் என்ன தெரியாது?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இவ்ளோ சின்னப் பிள்ளைய நான் தனியா பார்த்ததில்லக்கா. பொம்மையிலதான் பழகினோம். டே கேர்ல எல்லாருமே ஒன்றரை வயசுக்கு மேல."

மகனைக் கொடுத்தேன். முதலில் கை கழுவினார், பிறகு கதிரையில் நன்றாகச் சாய்ந்து இருந்துகொண்டு கையை நீட்டினார். கை நடுங்கியது. நின்றபடி வாங்கியிருந்தால் எனக்குப் பயமாக இருந்திருக்கும். தன் கை நடுங்கும் என்று தெரிந்து இருந்து வாங்கினாரே, அந்த இடத்தில்தான் என் மனம் முடிவெடுத்தது.

மாமியின் கேள்விக்கு வருகிறேன். அவருக்கு அன்று நான் சொன்னது ரிஸானா நபீக்கைப் பற்றி. மூதூரிலிருந்து 2005இல் சவூதிக்கு வீட்டு வேலைக்குப் போனபோது அந்தப் பிள்ளைக்கு 17 வயது. கடவுச்சீட்டில் வயதைக் கூட்டிப் போட்டிருந்தார்கள். பிள்ளை வளர்க்க எவரும் பழக்கவில்லை. போன கையோடு ஒரு நாலு மாதக் குழந்தையைப் பார்க்க விட்டார்கள். போத்தல் பால் கொடுக்கும்போது குழந்தைக்கு மூச்சு அடைத்துவிட்டது என்றார். கொலை என்று தீர்ப்பாகி, 2013 ஜனவரி 9ஆம் திகதி தலையை வெட்டினார்கள். அந்தச் செய்தி வந்த நாளில் மாமியும் அழுதவர்தான். "மாமி, பால் குடுத்த பிறகு தோளிலை போட்டுத் தட்ட வேணும், அடைச்சால் கவிழ்க்க வேணும் எண்டு அந்தப் பிள்ளைக்கு ஒருத்தராவது சொல்லிக் குடுத்திருந்தால்?" என்றேன். மாமி ஒன்றும் சொல்லவில்லை. சம்மதித்தார் என்றும் இல்லை.

சரி, எடுத்தோம். ஒப்பந்தம் எழுதினோம், தமிழில் இரண்டு பக்கம். எழுத உட்கார்ந்தபோதுதான் பார்த்தேன், வீட்டுக்குள் வேலை செய்கிறவர்களுக்கு நம் நாட்டுச் சட்டம் எவ்வளவு குறைவாகக் கைகொடுக்கிறது என்று. 2016ஆம் ஆண்டு வந்தபோது ஆகக்குறைந்த சம்பளச் சட்டம் அவர்களைச் சேர்க்கவில்லை. பணிக்கொடைச் சட்டத்திலும் அவர்கள் இல்லை. ஊழியர் சேமலாப நிதியும் இல்லை. என் அலுவலகம் எனக்கு மாதாமாதம் 12 வீதம் போடுகிறது. அதை வாங்கிக்கொண்டு, அந்தப் பணத்தைச் சம்பாதிக்க என்னை விடுகிற பிள்ளைக்கு ஒன்றும் இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வராது. அதனால் சம்பளத்தை வங்கியில் போட்டு, அதே 12 வீதத்தை அவர் பெயரில் இன்னொரு சேமிப்புக் கணக்கிலும் போடுகிறோம்.

அவருக்கு உள்ளிருந்து பூட்டக்கூடிய ஓர் அறை. ஞாயிறும் போயாவும் லீவு. தீபாவளி, பொங்கல், அவர்கள் தோட்டத்துக் கோயில் திருவிழா மூன்றுக்கும் சம்பளத்தோடு ஊர் போகலாம். வேலை பிள்ளையோடு மட்டும்: அவனுடைய உடுப்பு, போத்தல், பிறகு அவனுடைய சாப்பாடு. எங்கள் சட்டி பானை அதில் இல்லை. இதைக் கேட்ட சொந்தக்காரர் ஒருவர், "பிள்ளை நித்திரை கொள்ளேக்கை அவள் சும்மாதானே இருக்கிறாள்?" என்றார். ஆம், சும்மா இருக்க வேண்டும். ஐந்து தடவை இரவில் எழும்பிய பிள்ளையைப் பகல் முழுக்கப் பார்க்கிறவர் எப்போது கண்ணை மூடுவது?

அந்த 'அவள்' எனக்குக் காதில் குத்தியது. எங்கள் யாழ்ப்பாணப் பேச்சில் மரியாதைக்குரிய பெண்ணை 'அவ' என்போம், 'வந்தவ, போனவ' என்போம். வேலைக்கு வருகிறவர் மட்டும் எந்த வயதானாலும் அவள்தான். நான் வீட்டில் 'அவ' என்று சொல்லத் தொடங்கினேன். கணவரும் பழகிக்கொண்டார்.

என் லீவில் மிஞ்சியிருந்த கடைசி இரண்டு கிழமையும் தங்கச்சியும் நானும் சேர்ந்து நின்றோம், முழுச் சம்பளத்தோடு. முதல் வேலைக்கு வருகிறவருக்கு இதைக் கொடுக்காமல் பிள்ளையைக் கையில் வைத்துவிட்டு ஓடாதீர்கள். எடுத்து வைத்த பாலை ஆட்டாமல் மெல்லச் சுழற்றிக் கலப்பது, சுடுதண்ணீர்க் கிண்ணத்தில் வைத்துச் சூடாக்குவது, மீந்ததைத் திரும்பக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்காமல் ஊற்றிவிடுவது எல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது. பாதி எனக்குத் தெரியாது. இவன் பசிக்கு அழும் சத்தமும் நித்திரைக்கு அழும் சத்தமும் எனக்குத் தெரிந்திருந்தது, அவருக்குத் தெரியாது. பம்பர்ஸ் மாற்ற முதல் நாள் பதினொரு நிமிடம் எடுத்தது. மகன் வீறிட்டான், அவருக்கும் கண் கலங்கியது. நான் வாங்கிச் செய்யப் போனேன். "நானே முடிக்கிறேன்க்கா" என்றார். ஒரு சிஆர் கொப்பியில் பால், சிறுநீர், நித்திரை எல்லாவற்றுக்கும் நேரம் எழுதினார். இன்றுவரை எழுதுகிறார்.

மாமியோடு உரசல் வரத்தான் செய்தது. வயிற்றுக் குத்து என்று மாமி வசம்பு உரசிக் கொண்டு வந்த அன்று, "அம்மா, ஆறு மாசம் வரைக்கும் பாலைத் தவிர ஒண்ணும் வேணாம்னு படிச்சிருக்கேங்க" என்றார், மெல்ல, ஆனால் குழந்தையைத் தன் பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டு. மாமி இரண்டு நாள் அவரோடு கதைக்கவில்லை. மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்த மருத்துவமாதும் அதையே சொன்னார். ஏணையிலும் தகராறு. பிள்ளையைத் தட்டையாகத்தான் கிடத்த வேண்டும் என்பது படிப்பு. சேலை ஏணையில் வளராத பிள்ளை உண்டா என்பது மாமி. கடைசியில், பக்கத்தில் ஆள் விழித்திருந்தால் பகலில் கொஞ்ச நேரம் ஏணை, கண் அயர்ந்ததும் கட்டில் என்று ஒத்துப்போனார்கள். முடிச்சுப் போடக் காட்டிக் கொடுத்தது மாமிதான். அப்போதுதான் தங்கச்சி தன் அம்மாயி தோட்டத்துப் பிள்ளைமடுவத்தில் ஆயாவாக இருந்தவர் என்று சொன்னார். கொழுந்து பறிக்கப் போன தாய்மாரின் பிள்ளைகள் இருபது பேருக்கு வரிசையாக ஏணை கட்டி ஆட்டியவராம். மாமி அன்று நெடுநேரம் விசாரித்துக்கொண்டிருந்தார்.

என் பிழையையும் எழுத வேண்டும். ஆறாம் மாத ஊசி போட்ட மறுநாள் நான் அலுவலகத்தில். மகனுக்குக் காய்ச்சல் 38.6. மாமி பனடோல் சிரப் கொடுக்கச் சொன்னார். தங்கச்சி கொடுக்கவில்லை. 'என்னைக் கேட்காமல் எந்த மருந்தும் கொடுக்கக்கூடாது' என்று நான் எழுதி ஒட்டிய தாள் சமையலறையில் இருந்தது. என் போன் கூட்டத்தில் சத்தமில்லாமல் கிடந்தது. வெளியே வந்து பார்த்தால் பதினான்கு அழைப்பு. ஈரத்துணியால் துடைத்துக்கொண்டும் பால் கொடுத்துக்கொண்டும், ஒவ்வொரு கால் மணிக்கும் காய்ச்சலை அளந்து கொப்பியில் எழுதிக்கொண்டும் இருந்திருக்கிறார். நான் வீட்டுக்கு வந்து அவரைத்தான் ஏசினேன். "ஒரு சிரப் குடுக்கத் தெரியாதோ?" என்று கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் அந்தத் தாளைப் பார்த்தார்.

அன்றிரவே மன்னிப்புக் கேட்டேன். புதிதாக வேலைக்கு வருகிறவர் நாங்கள் எழுதியதை அப்படியே பிடிப்பார், பிடிக்கவும் வேண்டும். அரைகுறையாக எழுதியது நான். அடுத்த நாள் டொக்டரிடம் போய், மகனின் நிறைக்கு எத்தனை மில்லிலீற்றர், எத்தனை மணிக்கு ஒருக்கா என்று எழுதி வாங்கினோம். நான் எடுக்காவிட்டால் கணவர், அவரும் எடுக்காவிட்டால் மூன்றாம் மாடி அன்ரி. மூச்சு வாங்கினாலோ வலிப்பு வந்தாலோ ஒருவரையும் கேட்காமல் 1990. புதுத் தாளை எழுதியது அவர், தன் கையெழுத்தில். நான் கீழே ஒப்பம் வைத்தேன்.

இப்போது மகன் தவழ்கிறான். ஒன்பதாம் மாத ஊசிக்கு இருவருமாகப் போய் வந்தோம். அவர் நாலாம் மட்டம் படிக்க விரும்புகிறார். ஞாயிறு வகுப்பு கிடைத்தால் கட்டணத்தில் பாதி எங்களது என்று பேசியிருக்கிறோம்.

நேற்றிரவு பஸ்தியான் மாவத்தையில் அட்டன் பஸ் ஏற்றி விட்டோம், தீபாவளிக்கு. ஐந்து நாள் நான் லீவு. காலையில் மகன் ஏணைக்குள் போக மாட்டேன் என்று அடம்பிடித்தான். மாமி அவனை மடியில் வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார்.

"தங்கச்சி வீட்டை போய்ச் சேர்ந்திட்டாவோ? ஒருக்கா எடுத்துக் கேள். இவனை நித்திரையாக்கேக்கை அவ என்ன பாட்டுப் படிக்கிறவ எண்டும் கேள்."