ஒரு விளிம்பு மட்டும் நிற்க வேண்டும்

நேற்று மாலை கிடைத்துவிட்டது. நான்கு மாதமாகத் தேடிய புகைப்படம். நெடுநெடுவென்று ஏழு மரங்கள். இலைகளின் பச்சை முழுவதும் ஈரத் தூரிகையால் இழுத்தது போல் ஓடியிருக்கிறது. இடப்பக்க மரத்தில் மட்டும் கிளை மடங்கும் இடமும் பட்டையின் இரண்டு வெடிப்புகளும் அப்படியே நிற்கின்றன. நீர்வண்ண ஓவியத்தில் வண்ணத்துக்கு அடியில் பென்சில் கோடு தெரியுமே, அப்படி. திரையில் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு இரவு வெகுநேரம் தூங்கவில்லை.

ஷட்டர், அதாவது ஒளியை உள்ளே விடும் கதவு, திறந்திருக்கும்போது கேமராவை வேண்டுமென்றே அசைத்து, காட்சியை வண்ண இழுவையாக எடுப்பவர்களுக்கு முதல் சங்கதிகளைச் சொல்ல வேண்டியதில்லை. என் சிக்கல் வேறு. எல்லாவற்றையும் இழுத்துவிட்டேன். படங்கள் அழகாகத்தான் இருந்தன, ஆனால் யார் எடுத்தாலும் அப்படித்தான் இருக்கும் என்று தோன்றியது. போன மாதம் 212 படங்களைச் சிறிய அளவில் அச்சிட்டுத் தரையில் பரப்பினேன். யோசிக்காமல், கை போன போக்கில் பிடித்தவற்றை எடுத்தேன். 11 தேறின. அவற்றில் 9 படங்களில் ஏதோ ஒரு விளிம்பு தப்பித் தவறி நின்றிருந்தது. அசைக்கத் தாமதமான படங்கள் அவை. கணினியில் அழிக்கலாம் என்று குறித்து வைத்திருந்தவை. என் கண் எதைக் கேட்கிறது என்று அன்றுதான் தெரிந்தது. அந்தத் தாமதத்தை வேண்டுமென்றே செய்வது என்று முடிவு செய்தேன்.

இனிமேல்தான் பாடுபட்ட கதை. முதல் தடை நேரம். மேகமூட்டத்தில் ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 100, எஃப்/8 (லென்ஸ் துளையின் அளவு, எண் கூடினால் துளை சிறுக்கும்) வைத்தால் எனக்கு ஷட்டர் திறந்திருக்க 1/60 விநாடி வருகிறது. ஒளியைக் குறைக்கும் ஃபில்டர் இல்லாமல் எஃப்/22 வரை மூடினாலும் 1/8தான். நிற்கவும் நகரவும் அது போதாது. அதைவிடக் கொடுமை, அவ்வளவு மூடினால், படத்தைப் பதியும் சென்சாரில் உள்ள தூசி தெரிந்துவிடும். சாதாரணப் படத்தில் அது கண்ணில் படாமல் போகலாம். இங்கே மரம், இலை, புல் எல்லாம் கரைந்து ஓடும்போது தூசி மட்டும் நகராமல் சாம்பல் புள்ளியாக உட்கார்ந்திருக்கும், ஏனென்றால் அது கேமராவோடு சேர்ந்தே நகர்கிறது. ஆறு ஸ்டாப் என்.டி. ஃபில்டர், அதாவது ஒளியை ஆறு முறை பாதியாக்கும் கருங்கண்ணாடி, போட்டு எஃப்/8க்குத் திரும்பினேன். சரியாக ஒரு விநாடி.

திருகி அடர்த்தியை மாற்றும் ஃபில்டரை முதலில் வாங்கியதுதான் என் பெரிய வருத்தம். அதில் ஒரு திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் இரண்டு போலரைசர்கள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கின்றன. அகன்ற லென்ஸில் முழு அடர்த்திக்குக் கொண்டு போனால் படத்தின் குறுக்கே பெருக்கல் குறி போல இருட்டு விழுகிறது. விற்றவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒரே அடர்த்தியுள்ள கண்ணாடியை வாங்குங்கள். லென்ஸ்களில் பெரிய வாய் எதுவோ அந்த அளவுக்கு வாங்கி, மற்றவற்றுக்கு வளையம் போட்டுக்கொள்ளலாம்.

இரண்டாவது தடை கை. ஒரு விநாடியில் முதல் மூன்றில் ஒரு பங்கு அசையாமல் நிற்க வேண்டும், மீதிக்கு நகர வேண்டும். பாதிக்கு மேல் நின்றால் சாதாரணப் படத்தின் மேல் புகை படிந்தது போல் இருக்கிறது. ஐந்தில் ஒரு பங்குக்குக் குறைந்தால் விளிம்பு மறைந்துவிடுகிறது. இந்த அளவைப் பிடிக்க நான் மனத்துக்குள் ‘தகிட’ சொல்கிறேன். ஷட்டர் திறக்கும் சத்தத்தில் ‘த’. ‘கி’யில் கேமரா புறப்படுகிறது. டிரைபாடில் பக்கவாட்டுத் திருகை இறுக்கி, மேல்கீழ்த் திருகைப் பாதி தளர்த்தி வைத்திருக்கிறேன். இரண்டு விநாடி டைமர். அசைவைச் சரிக்கட்டும் ஸ்டெபிலைசரை அணைத்தாயிற்று.

புறப்படுவதைவிட முடிப்பதுதான் என்னை வாட்டியது. ஷட்டர் மூடுவதற்குள் கை நின்றுவிட்டால், நின்ற இடத்தில் இன்னொரு மரம் பதிகிறது. இரண்டு வாரம் எல்லாப் படங்களிலும் ஒவ்வொரு கிளைக்கும் ஒரு இரட்டை. ‘ட’ முடிந்த பிறகும், மூடிய சத்தம் கேட்ட பிறகும், கைப்பிடியை இழுத்துக்கொண்டே போக வேண்டும். பந்தை அடித்த பின்னும் மட்டை சுழன்று முடிவது போல.

மூன்றாவதை மிகத் தாமதமாகத்தான் புரிந்துகொண்டேன். சென்சார் ஒளியைச் சேர்த்துக்கொண்டே போகிறது, இருட்டைச் சேர்ப்பதில்லை. கரிய கிளைக்குப் பின்னால் வெளிச்சமான இலைகள் இருந்தால், நகரும்போது அந்த வெளிச்சம் கிளையைத் தின்றுவிடும். இருட்டின் முன்னால் நிற்கும் வெளிர்ப்பொருள் கொஞ்ச நேரம் நின்றாலும் பதிந்துவிடும். நேற்றைய இடப்பக்க மரம் வெளிர்பட்டை, பின்னால் அடர்ந்த புதர். அதனால்தான் அது நின்றது, மற்ற ஆறும் கரைந்தன. வானமும் இதே காரணத்தால் எதிரி. மேல்நோக்கிச் சாய்த்தால் ஒரு துண்டு வானம் உள்ளே வந்து எல்லாவற்றின் மீதும் வெள்ளையடித்துவிடுகிறது. இப்போது கீழ்நோக்கியே சாய்க்கிறேன். சருகின் செம்பழுப்பு கீழிருந்து ஏறி மரங்களின் அடியில் கலந்திருக்கிறது. அந்த நிறத்தை நான் கணினியில் தொடவே இல்லை.

இது புதிய ஆசை ஒன்றும் இல்லை. 1904இல் புகைப்படக் கலைஞர் எட்வர்ட் ஸ்டைக்கன் குளக்கரை மரங்களையும் நிலவையும் எடுத்து, அச்சின் மேல் கையால் நிறம் ஏற்றினார். 1950களில் இன்னொரு புகைப்படக் கலைஞர் எர்ன்ஸ்ட் ஹாஸ் காளைப் போரை மெதுவான ஷட்டரில் வண்ணத்தில் எடுத்தார். அந்தப் படங்களைத் திரும்ப எடுத்துப் பார்க்கிறேன், எந்த விளிம்பை விட்டுவைத்தார்கள் என்று தேடிக்கொண்டு.

அச்சுக்குப் பளபளப்புத் தாளில் ஒன்று போட்டேன். இழுவை பிளாஸ்டிக் போலத் தெரிகிறது. சொரசொரப்பான பருத்தித் தாளின் மாதிரிகள் கேட்டிருக்கிறேன். அது வருவதற்குள், ஒரே மரத்தைச் சுற்றி நடந்து பல கோணங்களை ஒரே சட்டத்தில் அடுக்கிப் பார்க்க ஆசை. வெளிர்பட்டை மரம்தான் அதற்கும். நாளையும் மேகமூட்டம் என்று வானிலை சொல்கிறது.