நான்காவது பத்தி

"சார், அந்த நாலாவது பத்தி மட்டும் எனக்கு ஒரு மாதிரியா இருக்கு" என்றார் என் கட்சிக்காரர், கடன் வழக்கொன்றின் பிரதிவாதி.

நீண்டகால நட்பை நம்பி, புரோநோட்டின் பேரில் கடன் கொடுத்ததாக வாதி வழக்குரையின் நான்காவது பத்தியில் சொல்லியிருந்தார். அதற்கு எங்கள் பதிலான எதிர்வழக்குரையில் நான் எழுதியிருந்தது: "வாதிக்கும் எனக்கும் நெருங்கிய பழக்கம் எதுவும் கிடையாது. பத்தி 4-ல் கண்ட சங்கதிகள் முற்றிலும் மறுக்கப்படுகின்றன."

"பழக்கம் உண்டே சார். முப்பது வருஷமாச்சே."

"ஐயா, ஒண்ணை ஒத்துக்கிட்டா அதையே பிடிச்சுக்கிட்டு மத்ததையும் ஒத்துக்க வைப்பாங்க. கையெழுத்தைப் போடுங்க."

போட்டார். மேலே கண்டவை யாவும் நான் அறிந்தவரை உண்மை என்ற வரிக்குக் கீழே.

நான் பயந்ததற்குக் காரணம் இருந்தது. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் ஆணை 8, விதி 5-ன்படி, மறுக்காமல் விட்ட சங்கதியை ஒப்புக்கொண்டதாகவே எடுத்துக்கொள்ளலாம். சம்மன் கிடைத்த 30 நாளில் பதில் தாக்கல் செய்ய வேண்டும். நீட்டித்தால் 90 நாள். அந்த 90-க்கு இரண்டே நாள் பாக்கி. ஆனால் சாதாரண வழக்குகளில் அந்தக் கெடு கட்டாயமானதல்ல, தக்க காரணம் இருந்தால் நீதிமன்றம் தளர்த்தலாம் என்று உச்ச நீதிமன்றம் 2005-லேயே சொல்லிவிட்டது. எனக்கு அது தெரியும். அதே ஆணையின் விதி 3, ஒவ்வொரு சங்கதியையும் தனித்தனியாக எதிர்கொள்ளச் சொல்கிறது. நட்பை ஒப்புக்கொண்டு கடனை மட்டும் மறுத்திருக்கலாம்.

மறுத்திருக்கலாம் என்ன, அப்படித்தான் செய்திருக்க வேண்டும். பழைய கடன் ஒன்றுக்காகத் தொகை நிரப்பாமல் கையெழுத்திட்டுக் கொடுத்த நோட்டு அது, கடனை அடைத்த பிறகும் திருப்பி வாங்கவில்லை என்பதுதான் எங்கள் எதிர்வாதமே. ஏன் வாங்கவில்லை? நண்பர் என்பதால். எங்களிடம் இருந்த ஒரே விளக்கத்தை நானே என் கையால் மறுத்து எழுதிவிட்டேன்.

குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வக்கீல் நேராக அங்கேதான் வந்தார். "நெருங்கிய பழக்கமே இல்லாதவர்கிட்ட கையெழுத்துப் போட்ட நோட்டை ஏன் விட்டுட்டு வந்தீங்க?"

"பழகினவர்தாங்க."

"அப்ப எதிர்வழக்குரையில சொன்னது பொய்யா?"

கூண்டிலிருந்து என்னைப் பார்த்தார். ஒரு நொடிதான். "நான்தாங்க கையெழுத்துப் போட்டேன்" என்றார். வக்கீல் எழுதினார் என்று சொல்லவில்லை. சாட்சி பதில் சொல்லும்போது நான் குறுக்கிட முடியாது என்பது உண்மை. முடிந்திருந்தால் எழுந்திருப்பேனா?

வழக்கு தோற்றது. கையெழுத்து ஒப்புக்கொள்ளப்பட்ட நோட்டுக்கு, 1881-ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டம், பிரிவு 118-ன்படி பிரதிபலன், அதாவது நோட்டுக்கு ஈடான பணம், கைமாறியதாகவே அனுமானம். அதை முறியடிக்கும் பாரம் எங்கள் தலையில். எப்படியும் தோற்றிருப்போம் என்று சீனியர் சொன்னார். பல நாள் அதை நம்புகிறேன். தீர்ப்பிலும் அந்த முரணுக்கு ஒரு பத்திதான். ஆனால் பிரதிவாதியை நம்பத்தக்கவராகக் கருத முடியவில்லை என்ற வரி அந்தப் பத்தியில்தான் இருக்கிறது.

இப்போது கட்சிக்காரரிடம் பத்தி பத்தியாகக் கேட்டுத்தான் எழுதுகிறேன். ஆனாலும் "குறிப்பாக ஒப்புக்கொள்ளப்பட்டவை தவிர ஏனைய அனைத்தும் மறுக்கப்படுகின்றன" என்ற வாக்கியத்தை விட எனக்குத் துணிவில்லை.

மேல்முறையீட்டுக்கு வேறு வக்கீலைப் பார்க்கச் சொன்னேன். "நீங்களே எழுதுங்க சார்" என்றார். இந்த முறை ஒரு வரி விடாமல் படித்துக்காட்டினேன். கேட்டாரா என்று தெரியவில்லை. நான் படித்து முடிக்கும்வரை மூடி கழற்றிய பேனாவைக் கையிலேயே வைத்திருந்தார்.