டீசல் காரில் விழுந்த பெட்ரோல்

திருச்சி செல்லும் வழியில் விழுப்புரத்தைத் தாண்டி ஒரு பெட்ரோல் பங்கில் காரை நிறுத்தினேன். நான் டீசல் என்று சொன்னது சாலை இரைச்சலில் ஊழியரின் காதில் சரியாக விழவில்லை போலும். மீட்டரில் 18 லிட்டர் ஓடிய பிறகுதான் பெட்ரோல் வாடை என் மூக்கில் ஏறியது. நல்லவேளை, சாவியைத் திருப்பவில்லை.

டீசல் வெறும் எரிபொருள் அன்று. ஒரே பொதுக் குழாயிலிருந்து எல்லா சிலிண்டர்களுக்கும் டீசல் செல்லும் காமன் ரெயில் எஞ்சினில், 1,500 பாருக்கும் (காற்றழுத்தத்தைப் போல் சுமார் 1,500 மடங்கு) மேலான அழுத்தத்தைக் கொடுக்கும் பம்புக்கு அதுவே உயவும் ஆகும். பெட்ரோலுக்கு அந்த வழவழப்பு போதாது என்பதால், எஞ்சின் ஓடினால் பம்பினுள் உலோகத்தோடு உலோகம் உரசி, அந்தத் துகள்கள் எரிபொருளைப் பீய்ச்சும் இஞ்செக்டர் வரை சென்று அடைத்துவிடக்கூடும். டீசல் குழாயின் தடித்த முனை பெட்ரோல் காரின் குறுகலான வாயில் பெரும்பாலும் நுழையாது. மெல்லிய பெட்ரோல் முனையோ டீசல் காரில் தடையின்றி இறங்கிவிடுகிறது.

நான்கு பேர் சேர்ந்து காரை ஓரமாகத் தள்ளினோம். மெக்கானிக் வந்து டேங்கைக் காலி செய்து, ஃபில்டரை மாற்றி, புது டீசல் ஊற்றிய பிறகே எஞ்சினை இயக்கினார்.

அதுவரை பெட்ரோல் ஊற்றிய அந்த இளம் ஊழியர் கைகள் நடுங்க நின்றுகொண்டிருந்தார். அவருடைய சம்பளத்தில் ஒரு ரூபாய்கூடப் பிடிக்க வேண்டாம் என்று மேலாளரிடம் கேட்டுக்கொண்டுதான் புறப்பட்டேன்.